கம்பெனி கணக்கைப் படித்து எம்.பி.க்குக் கொள்கைக் குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எம்.பி. அலுவலகத்தில் குறிப்பு எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் முதலில் லாபத்தைத்தான் தேடுகிறார்கள். விற்பனை இவ்வளவு கூடியது, லாபம் இவ்வளவு குறைந்தது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். சரி, இதை வைத்து எந்தச் சட்டத்தில் எந்த வரியைத் திருத்தச் சொல்வது என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலீட்டாளர் படிக்கிற மாதிரி கணக்கைப் படிப்பதால் வரும் சிக்கல் இது. சட்டம் செய்கிறவருக்கு வேண்டிய விவரம் பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில், சின்ன எழுத்தில் இருக்கும். அதை எடுத்துக் கேள்வியாகவோ திருத்தமாகவோ மாற்றுகிற வேலையை ஒரே உதாரணத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை இழுத்தடிப்பதுதான் அந்த உதாரணம். கோவையிலோ திருப்பூரிலோ பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் பில் போட்டு எத்தனை மாதமாகிறது என்று விரல் விட்டுச் சொல்வார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15 முதல் 24 வரையிலான பிரிவுகள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை (கணக்கை எந்த வடிவில் காட்ட வேண்டும் என்று சொல்வது). வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) (சிறு தொழிலுக்குத் தாமதமாகத் தரும் பணத்தின் வரிக் கழிவு பற்றியது). மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 43பி(எச்) என்பது 1961 சட்டத்தின் எண்; 2025 இல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், குறிப்பில் எண்ணை எழுதும்போது எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எடுக்கப்போகும் கம்பெனிகளில் உறுப்பினருக்குப் பங்கோ தொழில் தொடர்போ உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பொருளாதார நலன்களுக்கென்று தனிப் பதிவேடே இருக்கிறது. பாதி வேலை முடிந்த பிறகு கேட்டால் சங்கடம் இரு பக்கமும்தான்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“சிறு தொழில்களின் பிரச்சினை” என்பது கேள்வி ஆகாது. “பெரிய கம்பெனிகள் குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தருகின்றனவா?” என்பது கேள்வி. இதில் யார் தர வேண்டும், யாருக்கு, எத்தனை நாளில் என்று மூன்றும் இருக்கின்றன.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டறிக்கை சாதாரணமாக 300 பக்கம் போகும். கேள்வி இல்லாமல் உள்ளே போனால், கிடைத்த எண்ணுக்கு ஏற்ற கேள்வியை மனசு தானாகத் தயாரித்துக்கொள்ளும்.

2. கணக்கைத் திறக்கும் முன் சட்டத்தின் அளவுகோலைப் பாருங்கள்

15 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் அந்தக் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. புதியவர்கள் இந்த இரண்டையும் பிரிக்காமல், எல்லா சப்ளையருக்கும் 45 என்று எழுதிவிடுகிறார்கள்.

தாமதமானால் 16 ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்பது 23 ஆம் பிரிவு.

அப்புறம், யாருக்கு இந்தப் பாதுகாப்பு? சட்டத்தின் பெயரில் நடுத்தரத் தொழில் இருக்கிறது. தாமதப் பணம் பற்றிய பகுதியிலோ ‘சப்ளையர்’ என்றால் குறு, சிறு தொழில்கள் மட்டுமே. சில்லறை, மொத்த வியாபாரிகள் 2021 முதல் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் இணையப் பதிவு) செய்யலாம். அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும்தான். இந்த இரண்டு வகையினரையும் சேர்த்து எண்ணிவிட்டால் குறிப்பின் முதல் எண்ணே தவறாகிவிடும். அமைச்சகம் ஒரு வரியில் அதைத் தள்ளிவிடும்.

வரம்புகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020 ஜூலை முதல் சிறு தொழிலுக்கு முதலீடு 10 கோடி, விற்றுமுதல் 50 கோடி. 2025 ஏப்ரல் முதல் அது 25 கோடி, 100 கோடி. ஆகவே 2024 மார்ச் பாக்கியையும் 2026 மார்ச் பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “பாக்கி கூடிவிட்டது” என்று எழுதாதீர்கள். கூடியது பாக்கியா, சிறு தொழில் என்ற வட்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

3. எந்தக் கம்பெனிகள், எந்த ஆவணம்

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கை பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் இலவசம். மற்றவற்றுக்குக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ.21 தளத்தில் கட்டணம் கட்டி, தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். நிதிநிலை அறிக்கை ஏ.ஓ.சி.-4 என்ற படிவத்தோடு இணைந்திருக்கும்.

மார்ச்சில் முடியும் கணக்குக்குப் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த செப்டம்பர் 30 வரை கெடு. அதற்குப் பிறகு ஏ.ஓ.சி.-4 தாக்கலுக்கு 30 நாள். எனவே குளிர்காலக் கூட்டத்தொடருக்குத்தான் புது ஆண்டுக் கணக்கு முழுமையாகக் கையில் கிடைக்கும். மழைக்காலத் தொடருக்கு எழுதுகிறீர்கள் என்றால் பல கம்பெனிகளுக்குப் பழைய ஆண்டை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். இதை மறைக்காமல் எழுதுங்கள்.

துணை நிறுவனம் உள்ள கம்பெனியின் அறிக்கையில் தனிக் கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு இருக்கும். பத்திரிகையில் வருவது இரண்டாவது. நமக்கு வேண்டியது முதலாவது. ஒருங்கிணைந்த கணக்கில் வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் பாக்கியும் கலந்துவிடும். அங்கே நம் 45 நாள் சட்டம் செல்லாது.

ஒரே துறையில் ஐந்தாறு கம்பெனி, மூன்று ஆண்டு போதும். கட்டுமானக் கம்பெனியையும் பிஸ்கட் கம்பெனியையும் ஒப்பிட்டால் தெரிவது தொழிலின் இயல்பு, நடத்தை தெரியாது.

4. ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு கம்பெனி கோடியில் எழுதும், இன்னொன்று லட்சத்தில், மூன்றாவது மில்லியனில். 10 மில்லியன் என்பது 1 கோடி. எக்செல்லில் முதல் பத்தியிலேயே அலகை எழுதிவையுங்கள். சலிப்பான வேலைதான். ஒரு பூஜ்யம் தவறினால் அவையில் எழுந்து நிற்கப்போவது நீங்கள் இல்லை, உங்கள் உறுப்பினர்.

5. குறிப்புகளில் பார்க்க வேண்டிய இடங்கள்

பேலன்ஸ் ஷீட்டில் ‘டிரேட் பேயபிள்ஸ்’ (சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி) என்ற தலைப்பைத் தேடுங்கள். அதற்குக் கீழே குறு, சிறு தொழில்களுக்கான பாக்கி ஒரு வரி, மற்றவர்களுக்கான பாக்கி இன்னொரு வரி என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது மூன்றாம் அட்டவணையின் விதி.

முதல் வரியில் பூஜ்யம் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள குறிப்பு எண்ணைப் பிடித்துப் போனால், “கம்பெனியிடம் உள்ள தகவலின்படி அடையாளம் காணப்பட்ட அளவில்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். உத்யம் சான்றிதழ் கொடுக்காத சப்ளையர்கள் எல்லாம் இரண்டாவது வரியில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பூஜ்யத்தை வைத்துப் பாக்கி இல்லை என்று சொல்ல முடியாது, கேட்டு வாங்கவில்லை என்றும் இருக்கலாம். ஒரே துறையில் ஒரு கம்பெனி 200 கோடி காட்டி இன்னொன்று பூஜ்யம் காட்டினால், 200 கோடி காட்டியவரைத் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். அவர் ஒழுங்காக எண்ணியிருக்கலாம்.

அடுத்தது வட்டி விவரம். 22 ஆம் பிரிவின்படி செலுத்தாத அசல், அதன் வட்டி, ஆண்டுக்குள் தாமதமாகக் கொடுத்ததற்குச் சேர வேண்டிய வட்டி எல்லாவற்றையும் ஆண்டுக் கணக்கில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்த விஷயத்தில் அதிகம் பேசுவது இந்தக் குறிப்புதான். மார்ச் 31 அன்று அசல் பாக்கி இல்லாமல், வட்டி மட்டும் சேர்ந்திருந்தால் ஆண்டின் நடுவில் இழுத்தடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, ஏஜிங் அட்டவணை. 2021 மார்ச் 24 அறிவிக்கையால் வந்தது. பாக்கியை வயதுவாரியாக, தகராறு உள்ளது, இல்லாதது என்று பிரித்துக் காட்டும். ஆனால் அதன் கட்டங்களைப் பாருங்கள்: 1 ஆண்டுக்குக் குறைவு, 1 முதல் 2 ஆண்டு, 2 முதல் 3 ஆண்டு, 3 ஆண்டுக்கு மேல். சட்டத்தின் கெடு 45 நாள். அட்டவணையின் மிகச் சின்னக் கட்டமோ ஓர் ஆண்டு. 50 நாள் தாமதமும் 300 நாள் தாமதமும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. நம் கேள்விக்கு இந்த அட்டவணையில் பதில் கிடையாது. இந்தக் குறையைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும்.

கடைசியாக, சராசரி நாள் கணக்கு. பேயபிள்ஸை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365 ஆல் பெருக்குவது. ஒரு கம்பெனிக்குக் கொள்முதல் 3,650 கோடி, பேயபிள்ஸ் 600 கோடி என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் வருகிறது. உடனே “60 நாள் இழுத்தடிக்கிறார்கள்” என்று எழுதுவது புதியவர்களின் வழக்கம். பேயபிள்ஸில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், கொள்முதல் செலவில் பெரும்பாலும் சேராது. எல்லாச் சரக்குக்கும் 18 சதவீதம் என்று வைத்து அதை நீக்கினால் 51 நாள்தான். அதுவும் எல்லா சப்ளையர்களின் சராசரி. பெரிய ஸ்டீல் ஆலைக்கும் சின்ன லேத் பட்டறைக்கும் சேர்த்து வந்த எண். திசை காட்டத்தான் இது உதவும், குற்றம் சாட்ட உதவாது.

6. மார்ச் 31 என்ற நாளைச் சந்தேகியுங்கள்

பேலன்ஸ் ஷீட் ஒரு நாளின் படம். ஏப்ரலிலிருந்து பிப்ரவரி வரை இழுத்தடித்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் எல்லாருக்கும் பணம் போட்டால் படம் சுத்தமாக வரும்.

வேடிக்கை என்னவென்றால், சட்டமே அந்த நாளில் போய் நின்றுவிட்டது. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து செல்லும். குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் தருகிற ஆண்டில்தான் வரிக் கழிவாகக் கேட்கலாம் என்பது அதன் சாரம்.

மூன்று பில்களை வைத்துப் பாருங்கள். மூன்றுக்கும் 45 நாள் கெடு. மே 10 இல் ஏற்ற சரக்குக்கு மறு ஜனவரி 20 இல் பணம் தந்தால், எட்டு மாதம் ஆகியிருந்தும் அதே நிதியாண்டு என்பதால் கழிவு முழுதாகக் கிடைக்கும். மார்ச் 1 இல் ஏற்றதற்கு ஏப்ரல் 10 இல் தந்தால் கெடுவுக்குள்தான்; சிக்கல் இல்லை. ஜனவரி 20 இல் ஏற்றதற்குக் கெடு மார்ச் 6. ஏப்ரல் 5 இல் தந்தால் கழிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். எட்டு மாதம் இழுத்தவர் தப்பித்தார், ஒரு மாதம் தாமதித்தவர் மாட்டினார்.

இந்த ஓட்டையை லாபக் கணக்கைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டுக் கணக்கு எந்த நாளைப் படம் பிடிக்கிறதோ, அதே நாளைச் சட்டமும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். உங்கள் குறிப்பின் மையமே இதுதான்.

7. பணம் வர வேண்டியவரைக் கேளுங்கள்

கம்பெனி கணக்கு ஒரு பக்கத்தின் கதை. மறுபக்கத்துக்கு இரண்டு வழி. மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் 2017 முதல் தாமதப் பணப் புகார்கள் பதிவாகியிருக்கின்றன. புகாரை விசாரிப்பது மாநில அரசு அமைக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று வட்டாரவாரியாக இருக்கின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

புகார் எண்ணிக்கை குறைவு என்பதைப் பிரச்சினை குறைவு என்று படிக்காதீர்கள். அடுத்த ஆர்டர் அதே கம்பெனியிடமிருந்து வர வேண்டியிருக்கும்போது யார் புகார் கொடுப்பார்கள்? அதனால் நாலு பட்டறைக்காரர்களிடம் நேரில் பேசுங்கள். சில வாங்குபவர்கள் உத்யம் பதிவு இல்லாதவரிடமும் நடுத்தர நிறுவனத்திடமும் ஆர்டரைத் திருப்புகிறார்கள் என்ற புகார் 43பி(எச்) நடைமுறைக்கு வந்ததுமே எழுந்தது. இந்த மாதிரி விளைவு எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

8. எந்தக் கதவைத் தட்டுவது

அதிகம் தடுமாறுவது இங்கேதான். நல்ல குறிப்பு எழுதி, தவறான இடத்தில் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி நேரம்: மக்களவையில் 15 முழு நாள் முன்னறிவிப்பு, கேள்வி பொதுவாக 150 சொல்லுக்குள். ஒரு தனியார் கம்பெனியின் பெயரைப் போட்டு “ஏன் பணம் தரவில்லை” என்று கேட்டால் அனுமதி கிடைக்காது, அரசின் பொறுப்புக்குள் வரும் விஷயமாக இருக்க வேண்டும். 2019 ஜனவரி 22 ஆணைப்படி, 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிகள் எம்.எஸ்.எம்.இ.-1 என்ற அரையாண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரல் 30, அக்டோபர் 31 கெடு. ஆகவே “கடந்த நான்கு அரையாண்டுகளில் எத்தனை கம்பெனிகள் தாக்கல் செய்தன, மொத்தப் பாக்கி எவ்வளவு, தாக்கல் செய்யாதவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேளுங்கள். எண்கள் வேண்டுமென்றால் எழுத்துப் பதில் கிடைக்கும் நட்சத்திரமில்லாக் கேள்வி நல்லது. அமைச்சரைத் துணைக்கேள்வியில் பிடிக்க வேண்டுமென்றால், அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி.

நிலைக்குழு: குறு, சிறு தொழில் அமைச்சகம் தொழில் துறை நிலைக்குழுவின் கீழ் வருகிறது. கம்பெனி விவகாரமும் வருமான வரியும் நிதி நிலைக்குழுவின் கீழ். நம் விஷயம் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. ஏஜிங் அட்டவணை பற்றித் தொழில் துறைக் குழுவில் கேட்டால் “எங்கள் அமைச்சகம் இல்லை” என்ற பதில்தான் வரும். பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கைகளை (அமைச்சகங்களின் செலவுக் கோரிக்கைகளை) குழுக்கள் ஆராயும் வாரங்களில் குறிப்பு போய்ச் சேர வேண்டும்.

வாங்குபவர் அரசு நிறுவனமாக இருந்தால் வசதி கூடுதல். சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின்) துணைத் தணிக்கைக் கருத்துகள் ஆண்டறிக்கையோடு வரும். மத்திய அரசு நிறுவனங்களின் அறிக்கை, பொதுக்கூட்டம் முடிந்த மூன்று மாதத்துக்குள் தயாராகி, அதன்பின் கூடிய விரைவில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். 22 உறுப்பினர் கொண்ட பொதுத்துறை நிறுவனங்கள் குழு அதிகாரிகளை அழைத்தே விசாரிக்கலாம்.

சட்டத் திருத்தம்: 43பி(எச்)-ஐ இறுக்கச் சொல்லி நிதி மசோதாவுக்குத் திருத்தம் கொடுக்க நினைத்தால், அரசியல் சட்டத்தின் 117 ஆம் பிரிவைப் படியுங்கள். வரியைக் குறைக்கும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவையில்லை. கூட்டும் திருத்தத்துக்குத் தேவை. தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) பேச்சைக் கிளப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இதுவரை நிறைவேறியவை 14, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970 இல்.

மூன்றாம் அட்டவணையைத் திருத்துவது மட்டும் இவ்வளவு கடினமில்லை. 467 ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை மூலமே மாற்றலாம். ஏஜிங் அட்டவணை வந்ததும் அப்படித்தான். அதனால் நான் எப்போதும் இந்தக் கோரிக்கையைத்தான் முதலில் வைக்கச் சொல்வேன்: ‘1 ஆண்டுக்குக் குறைவு’ என்ற கட்டத்தை 45 நாள் வரை, 46 முதல் 90 நாள், 91 நாள் முதல் 1 ஆண்டு என்று உடைப்பது. கம்பெனிகளுக்குச் சுமை கூடும் என்ற எதிர்வாதம் வரும். 45 நாளைத் தாண்டிய பாக்கியை அரையாண்டுப் படிவத்துக்காக ஏற்கெனவே பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்.

9. குறிப்பை எழுதுங்கள்

இரண்டு பக்கம். முதல் பத்தியில் கோரிக்கை, சட்டப் பிரிவு எண்ணோடு. இரண்டாவது பத்தியில் அந்த மூன்று பில் உதாரணம். உறுப்பினர் அவையில் தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அப்புறம் ஓர் அட்டவணை, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டறிக்கைப் பக்க எண். கடைசியில் இந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாதவை: உத்யம் பதிவு இல்லாதவர்களின் பாக்கி, ஆண்டின் நடுவில் நடந்தது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள், குறிப்பு பலவீனமாகத் தெரியும் என்ற பயம். குறையை எதிர்த்தரப்பு முதலில் சொன்னால்தான் பலவீனம்.

குழுவுக்கு அமைச்சகம் தந்த ஆவணங்களில் உள்ள எண்களை, குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை உங்கள் குறிப்பில் எடுத்தாளாதீர்கள். நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினையாகும்.

10. பதில் வந்த பிறகு

“விவரங்கள் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று பதில் வந்தால் கோப்பை மூடாதீர்கள். அது உறுதிமொழிக் கணக்கில் சேரும்; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒன்று இருக்கிறது. கேள்வி எண்ணையும் தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வந்துவிட்டால் உங்கள் எக்செல் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனி தன் ஆண்டுக் கணக்கில் தாமத வட்டி காட்டியிருந்தும், அந்தத் துறையில் அரையாண்டுப் படிவம் தாக்கல் செய்தவர்கள் ஒருசிலரே என்று பதில் சொன்னால், அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.